தாங்கி நிறையப் பெற்றோல், கார் மட்டும் கொக்காவிலைத் தாண்டாது

கிளிநொச்சிப் பக்கத்தில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை விட்டுவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

வீட்டில் இருப்பது 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அப்பா வாங்கிய கார். தொண்ணூறுகளில் பெற்றோல் கண்ணில் படாத காலத்தில், காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார். போரின் கடைசி வருடங்களில் வவுனியாவில் உறவினர் வீட்டுக் கொட்டிலில் நின்றுவிட்டு மீண்டும் வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை அவரை வவுனியா ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போவது மகள். அந்தப் பயணத்தில்தான் பிரச்சினை. ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கார் இழுவை குறைந்து, இரண்டு மூன்று தரம் உதறி, நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்ராட் ஆகிறது. தாங்கியை நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டால் முறிகண்டி கழிந்து கொக்காவில் பக்கத்தில் நிற்கிறது. அரைத் தாங்கியோடு வெளிக்கிட்டால் புளியங்குளம் வரை ஓடுகிறது. இதைச் சொன்னபோது கராச்சில் சிரித்தார்களாம்.

பழைய பெற்றோல் பம்பைக் கழற்றிப் புதிதாக எலெக்ரோனிக் பம்ப் பூட்டியாயிற்று. காபரேற்றரைப் பிரித்துக் கழுவியாயிற்று. பிளக்கும் கொயிலும் மாற்றியாயிற்று. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சில நாள் நன்றாக ஓடி, அடுத்த கிளினிக் பயணத்தில் திரும்பவும் நின்றது. பள்ளிக்கூட வெயிலில் நிறுத்தினால் காருக்குள் பெற்றோல் மணம் தாங்க முடியவில்லை. 2022இல் வரிசைகளில் நின்ற காலத்தில் பெற்றோல் களவு போகாமல் இருக்கப் பூட்டு மூடி ஒன்று வாங்கிப் போட்டதையும், மணத்தைக் குறைக்க அந்த மூடிக்கு அடியில் சொப்பிங் பை ஒன்றை மடித்து வைத்திருப்பதையும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். கேள்விகள்: இது வன்னி வெயிலால் வருகிறதா? மூடியில் ஓட்டை போடச் சொல்கிறார்கள், போடலாமா? தாங்கியையே கழற்றிவிட்டு டிக்கிக்குள் பிளாஸ்ரிக் கான் வைக்கலாம் என்கிறார் ஒருவர், வைக்கலாமா? கொழும்பிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடுவதா?

தங்கச்சி, முழுத் தாங்கியில் கெதியாக நிற்கிறது, அரைத் தாங்கியில் கூடத் தூரம் ஓடுகிறது என்று நீங்கள் கவனித்தது முற்றிலும் சரி. உங்கள் கடிதத்தில் பெறுமதியான தகவலும் அதுதான். அதைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் பம்ப் மாற்றிய செலவே வந்திராது. கடைசிப் பக்கத்தில் சொன்ன பூட்டு மூடியையும் பையையும் அதோடு சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பெரிய சந்தேகம் எதுவும் மிஞ்சவில்லை. பெற்றோல் தாங்கிக்குள் காற்றுப் போக வழியில்லை. காரைத் தொடாமல் இதைச் சொல்கிறேன் என்பதால், நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ளும் முறையையும் எழுதுகிறேன். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

தாங்கிக்குள் நடப்பது என்ன

ரின் பாலில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுகும். தாங்கியும் இதே கணக்குத்தான். பம்ப் எவ்வளவு பெற்றோலை இழுக்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே அமுக்கம் குறைந்துகொண்டே போகும். பம்பின் இழுவைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் பெற்றோல் வருவது நின்றுவிடும். காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சப் பெற்றோல் தீரும் வரை கார் உதறிக்கொண்டு ஓடி, பிறகு நிற்கும்.

உங்கள் காரின் தாங்கி 6½ கலன், அதாவது ஏறத்தாழ 29.5 லீற்றர். வாய்வரை நிரப்பினால் மேலே காற்றுக்கு இருக்கும் இடம் இரண்டு லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றர் பெற்றோல் செலவானால் அந்த இரண்டு லீற்றர் காற்று மூன்று லீற்றர் இடத்துக்கு விரிய வேண்டும். அமுக்கம் மூன்றில் ஒரு பங்கு விழும். அரைத் தாங்கியில் காற்றுக்கு 15 லீற்றர் இடம் இருக்கிறது. அதே ஒரு லீற்றர் செலவானால் 15, 16 ஆகிறது. பம்ப் அதைப் பெரிதாக உணராது. பெற்றோல் ஆவியாகிக் கொஞ்ச இடத்தை நிரப்பும், மூடியின் ஓரத்தால் கொஞ்சக் காற்று கசியும், அதனால் இந்தக் கணக்கு அச்சொட்டாக நடக்காது. ஆனால் போக்கு இதுதான். கொக்காவிலுக்கும் புளியங்குளத்துக்கும் இடையே நீங்கள் கண்ட வித்தியாசம் இங்கிருந்து வருகிறது.

அமைதியாகப் போனால் உங்கள் மைனர் மணிக்கு நாலைந்து லீற்றருக்கு மேல் குடிக்காது. நிமிடத்துக்கு 80 மில்லிலீற்றர் காற்று உள்ளே வந்தால் போதும். ஒரு தையல் ஊசி போகும் அளவு துவாரமே அந்த வேலையைச் செய்துவிடும். அந்தத் துவாரத்தைத்தான் பூட்டு மூடி இல்லாமல் செய்துவிட்டது. கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த கசிவையும் சொப்பிங் பை அடைத்துவிட்டது.

கால் மணி நேரம் விட்டால் ஏன் ஸ்ராட் ஆகிறது என்பதும் இதிலேயே விளங்கும். நிற்கும்போது ஓரங்களால் காற்று மெல்ல உள்ளே கசிகிறது, அமுக்கம் சமப்படுகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் யார் என்ன செய்தாலும் அவர் செய்ததால்தான் கார் ஓடியது என்று தோன்றும். பம்புக்குத் தண்ணீர் ஊற்றியவர், பிளக்கைத் துடைத்தவர், வயரை ஆட்டிப் பார்த்தவர் எல்லோருக்கும் வெற்றிதான். கராச்சில் வேலை முடிந்து ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் கார் நன்றாகத்தான் ஓடும். இடையிடையே நிறுத்துவார்கள், பெற்றோல் எவ்வளவு என்று பார்க்க மூடியைத் திறப்பார்கள். திறந்ததுமே நோய் போய்விடும். அதனால் அவர்கள் உங்களை ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வெயில்தான் காரணமா?

வெயிலில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிப் பம்பை முடக்குவது உண்மையான நோய்தான். பழைய கார்களில் அடிக்கடி வரும். ஆனால் அதன் குணம் வேறு. வேகமாக ஓடிவிட்டு நிறுத்தி, எஞ்சின் சூடு எழும்பும்போது வரும். உச்சி வெயிலில், சனநெரிசலில் ஊரும்போது வரும். நீங்கள் விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, குளிர் காற்று அடிக்கும்போது, சீராக ஓடிக்கொண்டிருக்கையில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு, வெயில் நோய்க்குத் தாங்கி நிறைய இருக்கிறதா பாதியா என்ற கணக்குக் கிடையாது.

பிளக்குக்குப் பொறி கிடைக்கச் செய்யும் கொயிலோ கொண்டென்சரோ சூடேறிக் கார் நிற்பதும் உண்டு. அது பெரும்பாலும் உதறாமல், திறப்பைப் பூட்டியதுபோல் சட்டென்று நிற்கும். உங்கள் கார் முதலில் இழுவை குறைந்து, பிறகு உதறி நிற்கிறது. பெற்றோல் வராமல் பட்டினி கிடக்கும் எஞ்சினின் அடையாளம் அது.

இன்னொரு சாட்சியும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூடியைத் திறந்தால் பின்பக்கத்தில் “டொப்” என்று ஒரு சத்தம், டிக்கிக் கதவின் வில் பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். மைனரில் தாங்கி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது. உள்ளே அமுக்கம் குறையக் குறையத் தகரம் உள்நோக்கி வளைகிறது. திறந்ததும் காற்றுப் புகுந்து பழைய நிலைக்கு அடித்துத் திரும்புகிறது. இது நெடுகத் தொடர்ந்தால் பொருத்து வெடித்துக் கசியத் தொடங்கும். ஆகையால் அடுத்த கிளினிக் தேதிக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

எப்படி உறுதிப்படுத்துவது

அப்பாவை ஏற்றிக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். பகலில், இன்னொருவர் கூட வர, பரந்தன் – பூநகரி றோட்டுப் போல வாகனம் குறைந்த பாதையில், நிறைந்த தாங்கியோடு ஓடுங்கள். பை, பூட்டு மூடி எல்லாம் இப்போது உள்ளபடியே இருக்கட்டும். கார் உதறத் தொடங்கியதும் ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

காத்திருக்க வேண்டாம். காத்திருந்தால் சாட்சி அழிந்துவிடும். உடனே இறங்கி, மெல்லிய பேப்பர்த் துண்டு ஒன்றை மூடியின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு மூடியை மெதுவாகத் திருகுங்கள். “உஸ்” என்ற சத்தத்தோடு பேப்பர் உள்ளே இழுபட்டால் விஷயம் முடிந்தது. சத்தத்தை மட்டும் நம்பாமல் பேப்பரை ஏன் பிடிக்கச் சொல்கிறேன் என்றால், வெயிலில் நின்ற தாங்கியில் ஆவி சேர்ந்து வெளிநோக்கி ஊதும்போதும் அதே சத்தம்தான் வரும். அப்போது பேப்பர் வெளியே தள்ளப்படும். மூடி திறந்த கையோடு ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். கொஞ்சம் சுற்றி, மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டால் வேறு ஆதாரம் தேவையில்லை. பக்கத்தில் ஒருவரும் புகைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன்.

நீங்கள் கழற்றிய பழைய பம்ப், எஸ்.யூ. என்ற கம்பனியின் மின்சாரப் பம்ப், இருந்திருந்தால் இன்னும் இலகு. அது வாய் திறந்து பேசும் பம்ப். திறப்பைப் போட்டதும் “டிக் டிக் டிக்” என்று வேகமாக அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓயாமல் படபடவென்று அடித்தால் பெற்றோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது: தாங்கி வெறுமை, அல்லது தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ பொருத்து விட்டிருக்கிறது. ஒன்றுமே அடிக்காவிட்டால் மின்சாரம் வரவில்லை, அல்லது உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் தொடுமுனை, அதாவது பொயின்ற், கருகியிருக்கிறது. இழுத்து இழுத்து, ஒவ்வோர் அடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டு அடித்து, கைவைத்தால் பம்பும் சுட்டால், இழுக்கும் பக்கத்தில் அடைப்பு. பம்பைக் கழற்றுவதற்கு முன் அது “முக்கி முக்கி அடித்தது” என்று எழுதியிருக்கிறீர்களே, அது பம்பின் பழுது இல்லை. மூடிய தாங்கியோடு அது பட்ட பாடு.

மூடியும் காற்றுக் குழாயும்

பழைய கார்களில் தாங்கிக்குக் காற்றுப் போகும் வழி இரண்டு விதம். ஒன்று, மூடியிலேயே சின்னத் துவாரம். மற்றது, தாங்கியின் மேற்பக்கத்திலிருந்தோ நிரப்பும் கழுத்திலிருந்தோ தனியாக இறங்கும் மெல்லிய குழாய். உங்கள் காரில் எது என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூடி பலமுறை மாறியிருக்கும், தாங்கியும் மாறியிருக்கலாம். டிக்கி விரிப்பைத் தூக்கிவிட்டும், காருக்குக் கீழே குனிந்தும் பாருங்கள்.

குழாய் இருந்தால் அது அடைபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் கொட்டிலில் நின்ற கார் என்கிறீர்கள். மெல்லிய குழாயின் வாய் குளவிக்கு மிகவும் பிடித்த இடம். மண்ணைக் குழைத்து உள்ளே கூடு வைத்துவிடும். அதற்கு மேல் கிறவல் றோட்டுப் புழுதி. தங்கூசி நரம்பு ஒன்றை விட்டு மெதுவாகக் குடைந்து மண்ணை வெளியே எடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். பிறகு தாங்கி மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழாய் வாயில் சுத்தமான ரியூப் ஒன்றைச் செருகிச் சைக்கிள் பம்பால் மெல்ல அடியுங்கள். நிரப்பும் கழுத்தில் காற்று வருவது கேட்க வேண்டும். ரயர் கடைக் கொம்பிரசரை இதற்குப் பாவிக்க வேண்டாம். மூடி பூட்டியிருக்கும்போது கொம்பிரசர் காற்றை விட்டால் தாங்கி பலூனாக ஊதிப் பிளந்துவிடும்.

இனி மூடி. 2022இல் கிடைத்த பூட்டு மூடிகளில் பல, புதிய கார்களுக்காகச் செய்தவை. புதிய கார்களில் பெற்றோல் ஆவியை வெளியே விடக்கூடாது என்று சட்டம் வந்து, ஆவி கரி நிரப்பிய ஒரு டப்பாவுக்குள் போய்ச் சேரும்படி செய்தார்கள். அமெரிக்காவில் 1970, 71இலேயே இது தொடங்கிவிட்டது. அந்தக் கார்களுக்குக் காற்று வேறு வழியால் வருகிறது, அதனால் மூடி இறுக்கமாக இருக்கலாம். உங்கள் காருக்கு அந்த டப்பாவும் இல்லை, அந்த வழியும் இல்லை. கழுத்தில் சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக ஒரு மூடி இந்தக் காருக்கு ஏற்றது ஆகிவிடாது.

அப்பாவின் பழைய சாமான் பெட்டியில் காரோடு வந்த முதல் மூடி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் காலத்து ஆட்கள் இலகுவில் எறிய மாட்டார்கள். இருந்தால் உட்பக்கத் தகட்டைப் பாருங்கள், சின்னத் துவாரம் தெரிய வேண்டும். கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஒரு சாண் ரியூபைத் துவாரத்தில் வைத்து ஊதினால் காற்றுப் போக வேண்டும். அடியில் உள்ள வாசர் காய்ந்து வெடித்திருந்தால் தக்கை வாசரோ, பெற்றோல் தாங்கும் றப்பர் வாசரோ புதிதாகப் போடுங்கள். சைக்கிள் ரியூபை வட்டமாக வெட்டிப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அது பெற்றோலில் ஊறி உப்பி, துவாரத்தையே அடைத்துவிடும். பழைய மூடி கிடைக்காவிட்டால், காற்றுத் துவாரம் உள்ள மூடி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். துவாரத்தோடு பூட்டும் உள்ளவையும் செய்கிறார்கள், களவுப் பயம் இருந்தால் அதைத் தேடுங்கள். தனிக் குழாய் உள்ள தாங்கியாக இருந்து அந்தக் குழாயும் திறந்துவிட்டால், இப்போதுள்ள பூட்டு மூடியையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். காற்றை அடைப்பது ஒருபுறம், பெற்றோலில் ஊறிக் கிழிந்த துண்டு ஒன்று தாங்கிக்குள் விழுந்து, இழுக்கும் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டால் அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் போகும். இப்போது அதன் ஓரங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று எடுக்கும்போதே பாருங்கள்.

ஓட்டை போடலாமா?

சோதித்துப் பார்ப்பதற்கென்றால், இரண்டு நாளுக்குப் போடலாம். நிரந்தரமாக அப்படியே விடுவது நல்லதல்ல. நேராகத் துளைத்த ஓட்டையால் மாரி மழையில் தண்ணீர் தாங்கிக்குள் இறங்கும். தண்ணீர் அடியில் தங்கித் தகரத்தைத் துருவாக்கும், ஒருநாள் காபரேற்றருக்கும் வரும். வளைவில் திரும்பும்போது பெற்றோல் அதே ஓட்டையால் தெறித்து வெளியே ஒழுகும். தொழிற்சாலையில் செய்த மூடியில் உள்தகட்டுத் துவாரமும் வெளித்தகட்டுத் துவாரமும் ஒன்றுக்கொன்று நேரே இருக்காது. காற்றுச் சுற்றித்தான் போகும். வேறு வழியே இல்லாமல் துளைக்க வேண்டி வந்தால், 1 முதல் 1½ மி.மீ. அளவில், அதே மாதிரி இடம் மாற்றி இரண்டு தகட்டிலும் துளைக்கச் சொல்லுங்கள். மூடியைக் காரிலிருந்து தூரக் கொண்டுபோய்த் துளைக்க வேண்டும். துளைத்த சீவல் ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாது.

பெற்றோல் மணம்

மணமும் நிற்பதும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று நினைத்து மூடியை மேலும் மேலும் இறுக்கியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் இறுக்க இறுக்க மணம் கூடத்தான் செய்யும். பெற்றோல் வெப்பத்தில் விரியும்: 15 பாகை சூடு ஏறினால் உங்கள் முழுத் தாங்கி 400 மில்லிலீற்றர் அளவுக்குக் கூடுதல் இடம் கேட்கும். நிலத்தடித் தாங்கியிலிருந்து குளிராக வந்த பெற்றோலைக் காலையில் வாய்வரை அடித்துவிட்டு, பத்து மணி வெயிலில் பள்ளிக்கூட முற்றத்தில் விட்டால் அது எங்கேயாவது போகத்தானே வேண்டும். மேலே வழியில்லாதபோது கழுத்தில் உள்ள றப்பரால் கசியும், அளவு காட்டும் மிதவை பொருத்திய வட்டத் தகட்டின் ஓரத்தால் டிக்கிக்குள் வரும். சில நேரம் அமுக்கம் பெற்றோலை முன்னுக்குத் தள்ளி, கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை அடைக்கும் காபரேற்றரின் ஊசி வால்வையும் தாண்டி எஞ்சின் மேலேயே ஒழுகச் செய்யும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. வெயிலில் நின்ற காரை ஸ்ராட் பண்ணுவதற்கு முன் பொனற்றைத் திறந்து காபரேற்றர் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.

ஆகவே காற்றுவழி சரியான பிறகு, டிக்கித் தரையில் உள்ள அந்த வட்டத் தகட்டின் வாசரையும், கழுத்துச் சுற்றியுள்ள றப்பரையும் மாற்றுங்கள். சின்னச் செலவுதான். பெற்றோல் அடிக்கும்போது 25 லீற்றரோடு நிறுத்துங்கள். மூச்சுக் கஷ்டம் உள்ள எண்பது வயதுக்காரர் அந்த ஆவியைச் சுவாசித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருப்பது சரியில்லை. மணம் முற்றாகப் போகும் வரை அவரை வேறு வாகனத்தில் கூட்டிப்போவதுதான் நல்லது.

செய்யவே கூடாதவை

டிக்கிக்குள் பிளாஸ்ரிக் கான் வைக்கும் யோசனையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். 1990களில் வேறு வழியில்லாமல் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டும் ஓடினோம். அன்று ஓடியது மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் எளிதில் பற்றாது. பெற்றோல் உறைகுளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆவி காற்றைவிடப் பாரம், மூடிய டிக்கியின் அடியில் தங்கி நிற்கும். பின் சீற்றுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருப்பது ஓர் அட்டை மட்டுமே. 2022இலிருந்து டிக்கியில் வைத்திருப்பதாகச் சொல்லும் ஐந்து லீற்றர்க் கானையும் தயவுசெய்து இறக்கிவிடுங்கள்.

தாங்கியில் கசிவு கண்டுபிடித்து யாராவது வெல்டிங் பண்ணலாம் என்றால், உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். பெற்றோல் நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கி ஆபத்தானது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே வெடிக்கப் போதும். கழுவிக் காயவைத்த பிறகும் பொருத்துகளுக்குள் அவ்வளவு மிஞ்சியிருக்கும். இந்த வேலையில் உயிர்கள் போயிருக்கின்றன. தாங்கி திருத்துவதையே தொழிலாகச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள், அல்லது வேறு தாங்கி தேடுங்கள்.

கராச்சும் கொழும்பு ஆளும்

கழற்றிய எஸ்.யூ. பம்ப் உங்கள் சொத்து. போய்க் கேட்டு வாங்குங்கள். பட்ட பாட்டில் அதன் பொயின்ற் கருகியிருந்தாலும், துடைத்தோ மாற்றியோ திரும்பப் பூட்டலாம். புதிய பம்ப் இருக்கும்வரை இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உங்கள் கார் வெளிவந்தபோது பற்றறியின் பொசிட்டிவ் பக்கம்தான் உடம்போடு இணைந்திருந்தது. இடையில் யாராவது மாற்றாமல் அப்படியே இருந்தால், சாதாரண எலெக்ரோனிக் பம்ப் விரைவில் கருகும். மற்றது அமுக்கம். இந்தக் காபரேற்றருக்கு இரண்டு பி.எஸ்.ஐ. அளவே தாராளம். கூடினால் ஊசி வால்வைத் தாண்டிப் பெற்றோல் ஒழுகும். பம்பின் பெட்டியில் எத்தனை என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், பெற்ற சேவை பற்றி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. பற்றுச்சீட்டு வேண்டும். ஆனாலும் முதலில் பேப்பர்த் துண்டுச் சோதனையை அவர்களுக்கு முன்னால் செய்து காட்டுங்கள் என்பேன். நேர்மையான மெக்கானிக்காக இருந்தால் அதைப் பார்த்த பிறகு பம்ப் கூலியைப் பற்றி அவரே கதைப்பார். அடுத்த பழைய கார் வரும்போது மூடியையும் முதலில் திறந்து பார்ப்பார்.

விற்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு. நான் சொல்வது ஒன்றுதான்: நோயோடு விற்காதீர்கள். வழியில் நிற்கும் கார் என்ற பெயரோடு கேட்கப்படும் விலைக்கும், வவுனியா போய்த் திரும்பும் கார் என்ற பெயரோடு கேட்கப்படும் விலைக்கும் நிறைய வித்தியாசம். அந்த வித்தியாசம் ஒரு மூடியின் விலையில் இருக்கும்போது அவசரம் எதற்கு?

மூடியும் குழாயும் சரியான பிறகு, தாங்கியை நிரப்பி, பகலில், துணையோடு ஒருதரம் மாங்குளம் வரை நிறுத்தாமல் போய்வாருங்கள். பெற்றோல் வரும் குழாயில் உள்ளே தெரிகிற வடிகட்டி ஒன்றைப் பூட்டிக்கொள்ளுங்கள். தகரம் இவ்வளவு நாளும் உள்ளே வெளியே அடித்ததில் துருவும், மண்ணெண்ணெய்க் காலத்துக் கசடும் பெயர்ந்திருக்கும், முதல் சில பயணங்களில் அது கறுத்துப்போகும். அப்போது மாற்றிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் நின்றால், அது நின்ற இடம், தாங்கியில் இருந்த அளவு, பேப்பர் எந்தப் பக்கம் அசைந்தது, வடிகட்டியில் என்ன தெரிந்தது என்ற நான்கையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.